சொந்த விருப்பத்தின் பேரில்

இன்று ரஃபீக் பாயின் தையல் கடை மாடியைக் காலி செய்தோம். கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மூலையில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்ததும் தோல் வாசனை முகத்தில் அடித்தது. மேலே நாலு தொப்பி, ஒரு காகிதப் பூமாலை. அவற்றுக்கு அடியில் முழங்கால் வரை வரும் அந்தப் பழுப்பு நிற பூட்ஸ். வலது பூட்ஸுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். நீ திணித்து வைத்த பழைய பனியன் துணி இன்னும் உள்ளேயே இருந்தது. உன் கால் எட்டாம் நம்பர், பூட்ஸ் பத்தாம் நம்பர். "பெரிய மனுஷன் வீடுக்கா இது, என் காலு வாடகைக்கு இருக்குது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பாய்.

நீ போய் இரண்டு வருடம் முடிந்துவிட்டது. உன்னிடம் சொல்ல வேண்டியதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. பெட்டியை மூடிவிட்டு வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் குரலை நான் முதலில் கேட்டது டிரம் ஓடும் சத்தத்துக்கு நடுவில். தோல் பதனிடும் டேனரியில் நான் டைம் ஆபீஸ் கிளார்க், நீ டிரம் ஆபரேட்டர். வருகைச் சீட்டு வாங்க ஷெட்டுக்குள் வந்தேன். ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும் மர டிரம்கள் ஆறும் தோலையும் தண்ணீரையும் உருட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் இருப்பவர் பேசினால் கேட்காது. ஆனால் நீ பாடியது கேட்டது. கத்திப் பாடவில்லை. அந்த உறுமலுக்கு அடியில் ஓர் இடம் கண்டுபிடித்து, அங்கே நின்று பாடிக்கொண்டிருந்தாய். அன்று மாலையே எங்கள் நாடகக் குழுவை நடத்தும் ரஃபீக் பாயிடம் போய்ச் சொன்னேன். "ஆளக் கூட்டிக்கினு வாம்மா மொதல்ல" என்றார்.

எங்கள் இசை நாடகக் குழு அப்போது ஆறு வருடம் பழையது. சர்ச்சில் பாடுகிறவர்கள், தர்காவில் கவாலி பாடுகிறவர்கள், கூத்தில் மத்தளம் அடித்த ஒருவர், கீபோர்டு வாசிக்கும் நான். வருடத்துக்கு ஒரு நாடகம். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் போடுவோம், கூப்பிட்டால் திருப்பத்தூர் வரை போவோம். அந்த வருடம் நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்தேன். சர்ச் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஒரு பழைய அமெரிக்க இசை நாடகத்தின் ஸ்வரப் புத்தகம் கிடைத்தது. எப்போதோ இங்கே ஆர்கன் வாசித்த ஒரு வெளிநாட்டு அம்மா விட்டுப்போனது. குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாத்திரம் விற்கும் ஒருவன், ஒரு சின்ன ஊரில் தபாலாபீஸ் நடத்தும் பெண்ணைக் காதலிக்கிறான். கடைசியில் கல்யாணம், ஊரே ஆடுகிறது. அவ்வளவுதான் கதை. பாட்டுகள் மட்டும் வாசிக்க வாசிக்க விரலை விடவில்லை.

குழுவில் பாதிப் பேர் சிரித்தார்கள். அமெரிக்கப் பாட்டு நமக்கு வருமா என்றார்கள். நீதான் சுவரில் சாய்ந்தபடி சொன்னாய்: "அவன் போட்டுக்குற ஷூவ நம்ம ஊர்லதானே தைக்கிறோம். பாட்டு மட்டும் வராதா இன்னா?"

அதோடு பேச்சு முடிந்தது. அடுத்த வாரம் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட பூட்ஸ்களை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டாள். தொப்பிகளைத் துண்டுத் தோலில் ரஃபீக் பாயே தைத்தார்.

உனக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் வரிகளின் அர்த்தத்தைச் சொல்ல ஆரம்பித்தால் கையை ஆட்டி நிறுத்துவாய். "அர்த்தத்த அப்புறம் பாத்துக்கலாம்க்கா. அவன் இன்னா நெனப்புல பாடறான், அத்த சொல்லு." நான் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். பத்து நிமிஷத்தில் தமிழில் ஒரு வரி வரும். பாத்திரக்காரன் தபாலாபீஸ் ஜன்னலில் நின்று பாடும் பாட்டுக்கு நீ போட்ட வரி, "ஓட்டையில்லாத பாத்திரம் இருக்குது, ஓட்டையில்லாத மனசு இருக்குதா?" ரஃபீக் பாய் அதைக் கேட்டுவிட்டு வாயில் இருந்த ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு தடவை பாடச் சொன்னார்.

வசந்தா ஒத்திகைக்கு வருவாள். உங்கள் மகளை மடியில் வைத்துக்கொண்டு துணி மூட்டைமேல் உட்கார்ந்திருப்பாள். நீ தபாலாபீஸ்காரியைப் பார்த்து உருகிப் பாடும்போது, "எங்கிட்ட ஒரு நாளு இப்டி பேசிருக்கியாய்யா?" என்பாள். உனக்குத் தாளம் தப்பும்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. மண்டபச் செலவை நம் டேனரியே ஏற்றுக்கொண்டது. நமக்கு அது பெரிய பெருமையாக இருந்தது. ஆனால் ஏற்றுமதிச் சரக்கு அவசரம், அந்த ஞாயிறு யாருக்கும் லீவு கிடையாது என்று போர்டில் எழுதிப் போட்டார்கள். நீ சூப்பர்வைசரிடம் லீவு கேட்டாய். தரவில்லை. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "பேஜாராப் போச்சுக்கா. வேற ஆளப் பாத்துக்கோ" என்றாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன்.

வழி கண்டுபிடித்தது நான். உனக்கு வியாழக்கிழமை வார ஓய்வு. நாடகத்துக்கு முந்தின வியாழனில் வேலைக்கு வந்துவிட்டால், அதற்கு மாற்றாக ஞாயிறு ஓய்வு எடுத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட் மாற்றச் சீட்டை என் கையால் எழுதினேன். "சொந்த விருப்பத்தின் பேரில் வியாழக்கிழமை பணிக்கு வருகிறார்." வழக்கமாக எழுதும் வாசகம்தான். எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். நீ சந்தோஷத்தில் கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. "உன் கையால எழுதுனா நல்லதாத்தான்க்கா நடக்கும்" என்றாய்.

வியாழக்கிழமைகளில் டிரம் ஓடாது. பழுது பார்ப்பார்கள், சுத்தம் செய்வார்கள். அன்று காலை கழிவுநீர்த் தொட்டியின் பம்ப் துணி சிக்கி அடைத்துக்கொண்டது. அந்த வேலைக்கு வரும் கான்ட்ராக்ட் ஆட்களில் ஒருவன் வரவில்லை. சும்மா நின்றிருந்த உன்னை சூப்பர்வைசர் கூப்பிட்டார். "ரெண்டு நிமிஷ வேலைப்பா. எறங்கி அந்தத் துணிய மட்டும் உருவிட்டு வந்துடு." இதை மேலே நின்றவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கியிருக்கிறாய். நாலாவது படியில் ஏதோ சொன்னாயாம். என்ன சொன்னாய் என்று யாருக்கும் புரியவில்லை. அதற்குள் கை விட்டுவிட்டது.

என் அறைக்கு ஒருவர் ஓடிவந்து ஸ்டோர் சாவி கேட்டார். "கவுறு வேணும், முகமூடி வேணும், சீக்கிரம்!" சாவியைக் கொடுத்தேன். கொடுக்கும்போதே எனக்குத் தெரியும். கயிறு இருக்கிறது, முகமூடி இல்லை. வாங்க வேண்டிய பொருள் பட்டியலை டைப் செய்கிறவள் நான். முகமூடி, இடுப்பு பெல்ட் என்ற இரண்டு வரிகள் ஒவ்வொரு தடவையும் மேலே போய், அடிக்கப்பட்டுத் திரும்பி வரும். நானும் அடுத்த தடவை அதையே டைப் செய்து அனுப்புவேன். அதற்கு மேல் ஒன்றும் செய்ததில்லை.

உன்னை வெளியே எடுத்தபோது நான் ஷெட் வாசலில் நின்றிருந்தேன். தொட்டியின் விஷவாயு, அந்த அழுகிய முட்டை நாற்றம், முற்றம் முழுக்க இருந்தது. யாரோ உன் முகத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். ஆஸ்பத்திரி வண்டி வந்தது. ஏற்றிக்கொண்டு போனதும் ஒரு சடங்குதான். அங்கே நின்ற எல்லோருக்கும் அது தெரியும்.

ரஃபீக் பாய் நாடகத்தை நிறுத்திவிட்டார். "மையத்து எடுத்த வீட்டுக்கு முன்னாடி கல்யாணப் பாட்டு பாடுவாங்களா?" என்றார். காரியம் முடிந்த பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். குரல் மிகவும் மென்மையாக இருந்தது. "புரோகிராம கைவிடாதீங்கம்மா. அவர் நெனவா நடத்துங்க. மண்டபம் எங்க பொறுப்பு. நீங்களே ரெண்டு வார்த்த பேசுங்க. திடீர்னு உடம்பு முடியாம போய்ட்டார்னு சொன்னா போதும். விசாரணை நடக்குது பாருங்க, வேற எதுவும் பேச வேணாம்." பிறகு, "உங்க பொண்ணு வேலூர்ல நர்சிங் படிக்குது இல்ல? எந்த வருஷம்?" என்று கேட்டார். இரண்டாம் வருடம் என்றேன்.

அன்று மாலை நானும் ரஃபீக் பாயும் வசந்தாவிடம் போனோம். போட வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன், அப்படிச் சொன்னால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"போடுங்க பாய்" என்றாள். "அது அவரு கட்டுன பாட்டு. வீணாப் போவக் கூடாது. ஆனா எப்டி செத்தாருன்னு அங்க சொல்லணும். குழியில எறக்கி விட்டாங்க, மூஞ்சிக்கி ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லணும். பேப்பர்ல இன்னா இன்னாவோ எழுதறாங்க. குடிச்சிட்டு விழுந்தாருன்னு தெருவுல பேசறாங்க."

"நான் சொல்றேன் வசந்தா" என்றேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

உன் வேஷத்தை யாரும் போட மாட்டேன் என்றார்கள். கடைசியில் ரஃபீக் பாய் போட்டார். அறுபது வயதில், சாயம் பூசிய தாடியோடு, உன் பூட்ஸில். மேடையில் அவர் நடந்து வந்ததும் பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. "ஓட்டையில்லாத மனசு இருக்குதா" என்று அவர் ஆரம்பித்தபோது அது அடங்கிவிட்டது. அவர் குரல் உன் குரல் இல்லை. மேல் ஸ்தாயியில் உடைந்தது. உடைந்த இடத்தில் நிறுத்தாமல் பாடினார்.

நான் பேச வேண்டியது இடைவேளை முடிந்ததும். இரண்டு வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். வசந்தா சொன்னதைத்தான். மேடைக்கு வந்தேன். மண்டபம் நிறைந்திருந்தது. முதல் வரிசையில் மேனேஜர், பக்கத்தில் முதலாளி வீட்டுப் பெண்கள். மூன்றாவது வரிசையில் வசந்தா, மடியில் உன் மகள். தாளைப் பிரித்தேன். எழுத்து தெரிந்தது, வாசிக்க முடியாமல் போகவில்லை. மேனேஜர் என்னை முறைக்கவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். நான் தாளை மடித்துவிட்டேன். "நம் குழுவின் அருமையான பாடகர், திடீரென்று ஏற்பட்ட உடல்நலக் குறைவால் நம்மை விட்டுப் பிரிந்தார்" என்றேன். ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னேன். எல்லோரும் நின்றார்கள். வசந்தாவும் நின்றாள்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கல்யாணக் காட்சி வரை, எல்லோரும் தொப்பியை வீசி ஆடும் வரை உட்கார்ந்திருந்தாள். நான் கீபோர்டில் அந்த ஆட்டப் பாட்டை வாசித்துக்கொண்டே இருந்தேன். ஜனங்கள் தாளத்துக்குக் கைதட்டினார்கள். அவள் கைகள் உன் மகளின் காதுகளைப் பொத்தியிருந்தன.

மூன்று மாதம் கழித்து விசாரணையில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். என் கைப்பட எழுதிய சீட்டு அதிகாரியின் மேஜையில் இருந்தது, கிழிந்த கையெழுத்தோடு. கம்பெனி தரப்பில் வந்தவர் அதைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "அன்னைக்கு அவருக்கு லீவு சார். சொந்த விருப்பத்தின் பேரில் வந்திருக்கார். யாரும் கூப்பிடல." அதைக் கேட்டபோதுதான் என் கை எதை எழுதியது என்று எனக்குப் புரிந்தது.

எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டு எதற்காக எழுதப்பட்டது, தொட்டியில் இறங்கச் சொன்னது யார் என்று மேலே நின்றவர்கள் என்னிடம் சொன்னது, முகமூடி வரி எத்தனை தடவை அடிக்கப்பட்டது. "அவர் உங்களுக்கு என்ன உறவு?" என்று அதிகாரி கேட்டார். "உறவு இல்ல சார். ஒண்ணா பாட்டு கத்துக்கிட்டோம்" என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் எனக்கு வேலை போயிற்று. வழக்கு இன்னும் நடக்கிறது. என் மகள் படிப்பை விடவில்லை. ஒரு மாதிரி சமாளித்துவிட்டோம். அவ்வளவு பயந்தது இவ்வளவுதானா என்று பிறகு தோன்றியது.

சாட்சி சொன்ன அன்றே வசந்தாவிடம் ஓடினேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். முறத்தை நிறுத்தாமலே கேட்டாள்.

"சொல்லிட்டியாக்கா? சரி" என்றாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள். "அங்க எத்தினி பேரு இருந்தாங்க?"

"ஏழெட்டுப் பேர்."

"மண்டபத்துல ஊரே இருந்துச்சு."

அவள் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு ஸ்கூல்ல இப்பவும் கேக்கறாங்க, உங்கப்பா குடிச்சிட்டா விழுந்தாருன்னு. நீ கெட்டவ இல்லக்கா. அது எனக்குத் தெரியும். ஆனா இனிமே இங்க வராத. உன்னப் பாத்தா அந்தக் கைதட்டறதுதான் காதுல கேக்குது."

அதற்குப் பிறகு நான் போகவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். நீ சிரித்துவிட்டு, "வுடுக்கா" என்று சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவள் கதவைச் சாத்திவிட்டாள், சாத்தியது சரி. அந்தச் சீட்டைத் தெரியாமல் எழுதினேன் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடியும். மேடையில் அப்படி இல்லை. மைக் என் கையில் இருந்தது. அத்தனை பேரும் உனக்காக எழுந்து நின்று, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.