அட்டைக்கு ஒரு கை

பாப்பா அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இடுப்புவலி குறைந்ததா? பாப்பா அழாமல் பள்ளிக்குப் போகிறாளா?

இங்கே பதிப்பகத்தில் புதிதாக வரும் காதல் நாவல் வரிசைக்கு அட்டை வரைந்து வரைந்து முதுகு ஒடிகிறது. முதல் அட்டையில் கோத்துக்கொண்ட இரண்டு கைகள் மட்டும் போதும் என்றார்கள். மாதிரிக்கு நான் யாருடைய கையைப் போய்க் கேட்பது? என் இரு கைகளையே கோத்து, கைபேசியை அலமாரியில் சாய்த்துப் படமெடுத்து, அதைப் பார்த்து வரைந்தேன்.

பதிப்பாசிரியர் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, லவ் பண்ற மாதிரியா இருக்கு? சாமி கும்பிடுற மாதிரில்ல இருக்கு" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் வலக்கையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். எதையோ பிடித்திருப்பதுபோல விரல்கள் சற்று மடங்கியிருக்கட்டும். சுத்தியல் பட்டுக் கறுத்த நகத்தை மறைக்க வேண்டாம். பாப்பாவே எடுக்கட்டும், ஆடினாலும் பரவாயில்லை.

நிறுத்தத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன்; பஸ் வந்துவிட்டது. மாதக் கடைசிக்குள் படம் வராவிட்டால் வேறு யார் கையையாவது வைத்து அட்டையை முடிக்கச் சொல்லிவிடுவார்கள்.

அப்போதும் அனுப்புங்கள்.

பாப்பா அம்மா