கண்வலிப்பூ பூத்த நாள்

18-10-1991, வெள்ளி

கூமாப்பட்டி வேலியோரம் கிழங்கு தோண்டிவந்து நட்ட கண்வலிப்பூச் செடி, மூன்று வருஷம் கழித்து இன்றுதான் முதல் பூ விட்டது. சாயங்காலமே பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா சிவந்த கண்ணோடு வந்துவிட்டார்கள்.

"இந்தப் பூவைப் பாத்துத்தான் தம்பி எனக்குக் கண்ணு வலிக்கு. செடியைப் பிடுங்கிப் போடுங்க."

"அது மெட்ராஸ் ஐ அக்கா, ஊரு பூரா இருக்கு. காலையிலருந்து நானுந்தான் பாக்கேன், எனக்கு ஒண்ணுமில்லையே!" என்று கண்ணை அகலத் திறந்து காட்டினேன். அக்கா அரை மனசாகப் போனார்கள்.

எட்டு மணிக்கு என் இடது கண் உறுத்த ஆரம்பித்தது. சொட்டு மருந்து விட்ட என் மனைவி, சிரித்த சிரிப்பில் பாதி மருந்தைக் கன்னத்தில் ஊற்றினாள்.

"ஏட்டி, அக்காவுக்குத் தெரிஞ்சா செடி போச்சு. நான் வெளிய வரல. நீயே தண்ணி ஊத்து" என்றேன்.

"ஊத்துதேன். ஆனா பூவைப் பாக்க மாட்டேன்" என்கிறாள்.