வாயால் சொல்லாத கடவுச்சொல்

2003 ஒக்டோபர் 6, திங்கள்

தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில், அதுதான் கந்தோரில், கணினி வேலை தொடங்கியது. இந்த மாதம் ஒழுங்காக ஓடினால் எனக்கு நிரந்தர நியமனம். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப யாழ்ப்பாண பஸ். தோட்ட மனேஜர் பெரிய துரை சிரிக்காமல் சொன்னார்.

ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்கச் சொன்னேன். பெரிய கிளாக்கர் முத்துலிங்கத்துக்கு யோசிக்கவே அரைநாள். "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. துரை கேட்டாலும் கூடாது. வாயிலேயே வராத சொல்லா வையுங்கோ" என்று மேசையில் தட்டிச் சொன்னேன். தேயிலை அனுப்பும் வேலை பார்க்கும் சண்முகவடிவு அக்கா மட்டும் தலையாட்டினா. மற்றவர்கள் கொட்டாவி.

14, செவ்வாய்

கோதாரி! வடிவக்கா கந்தப்பளையில், தங்கச்சி மகளின் சடங்குக்கு. நாளை லொறி கொழும்பு ஏலத்துக்குப் புறப்பட வேண்டும். அவவின் கடவுச்சொல் இல்லாமல் இன்வொய்ஸ் அச்சாகாது. எனக்கும் திறக்காது. அப்படி அமைத்த மடையன் யார்? நான்தான்.

முத்துலிங்கம் காதுக்குள் சொன்னார்: "புருஷன் பேராத்தான் இருக்கும் தம்பி. அவங்க வாயில வராதது அது ஒண்ணுதான்."

'கணேசமூர்த்தி' அடித்தேன். பிழை. இன்னும் இரண்டு பிழை விட்டால் பூட்டிக்கொள்ளும்.

கந்தப்பளை ராசிக் நானாவின் கடைக்குப் போன் எடுத்து, அவவைக் கூப்பிடச் சொன்னேன். புருஷன் பேரில் வேறு எழுத்தோ என்று கேட்டேன்.

"பேரு இல்லங்க தம்பி. வீட்ல அவங்கள நான் கூப்பிடுறது."

"என்னெண்டு கூப்பிடுவீங்கள்?"

"ச்சீ! கடை நெறைய ஆளுங்க."

பின்னால் ராசிக் நானா: "சொல்லுங்கக்கா, நாங்க காதப் பொத்திக்கிறோம்!" கடையே சிரித்தது.

துரை போனைப் பறித்து அதட்டினார். பதில் எனக்கே கேட்டது: "சலாங்க தொர. சொல்ல மாட்டேங்க. தொர கேட்டாலும் சொல்லக் கூடாதுன்னு கம்ப்யூட்டர் தம்பிதான் சொன்னாரு."

துரை என்னைப் பார்த்தார். சரி, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

15, புதன்

வடிவக்கா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினா, சடங்குச் சேலையோடு. "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினோம். துரையும் சுவரைப் பார்த்து நின்றார். தட்டும் சத்தம் நீண்டுகொண்டே போனது — அப்படி என்னதான் கூப்பிடுகிறா?

அச்சுப்பொறி இரைந்தது. லொறி போய்விட்டது.

17, வெள்ளி

தொழிலாளர் குடியிருக்கும் லயமெல்லாம் ஒரே கதை: கந்தோர்க்காரர்கள் வெளியே சொல்ல முடியாத பேரைத்தான் கணினிக்குள் வைத்திருக்கிறார்களாம்.

20, திங்கள்

துரை என் நியமனத்தில் கையெழுத்துப் போட்டார். "எனக்கே திறக்காத பூட்டு. நல்ல பூட்டு."

மத்தியானம் முத்துலிங்கத்தின் மனைவி மீனம்மா நேரே கணினி அறைக்குள் வந்தா. "இவரு யாரு பேர வச்சிருக்காரு?"

தெரியாது என்றேன். உண்மை. அவ நம்பவில்லை.

பின்னேரம் முத்துலிங்கம் பாய் தலையணையோடு கந்தோருக்கு வந்துவிட்டார். "மனுசியிட்டச் சொல்லிவிடுங்கோவன்" என்றேன்.

அவர் தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.