திருட்டுப்போன சிவப்பு வால்

ஞாயிறு, இரவு. எனக்கு எழுத வராது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் மீன் சங்கத்தை ஏழு பேர் தொடங்கினோம். எல்லோரும் சுரங்கத்து ஆட்கள். ஷிப்ட் முழுக்க இருட்டில் இருந்துவிட்டு மேலே வந்தால் கண்ணுக்கு ஏதாவது நிறம் வேண்டியிருந்தது. வாராவாரம் ஒருவர் வீட்டுத் தொட்டி முன்னால் டீ குடித்தபடி உட்கார்ந்திருப்போம். சங்கத்துக்கு ஒரே சட்டம்தான். யார் வீட்டில் மீன் குஞ்சு போட்டாலும் வேறு இரண்டு வீடுகளுக்கு ஜோடி தர வேண்டும். ஒரு தொட்டி செத்தாலும் அந்த மீன் அழியக்கூடாது.

என் சிவப்பு வால் கப்பி மீனை மட்டும் நான் யாருக்கும் தரவில்லை. என்னிடம் மட்டும் இருக்கிறது என்ற பெருமை. போன மாதம் நோய் வந்து ஒரே வாரத்தில் எல்லாம் போய்விட்டன.

இப்போது சங்கத்தில் மிச்சம் என்னோடு சேர்த்து மூன்று பேர். இன்று அந்தோணி, முனுசாமி இருவரிடமும் என் தப்பை ஒப்புக்கொண்டேன். அந்தோணி சிரித்தான்.

"இன்னாத்துக்குடா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு கீற? உன் கப்பி என் வூட்ல கீது."

"எப்படிடா?"

"உன் பொண்ணு கல்யாணத்துல நீ பந்தியில நின்னுக்கினு இருந்த. நான் சொம்புல ஒரு ஜோடி மொண்டுக்கினு பூட்டேன். கேட்டா குடுத்துருப்பியா?"

முனுசாமி தலையைக் குனிந்துகொண்டான். அவன் வீட்டிலும் இருக்கிறதாம். நான் போகும்போதெல்லாம் தொட்டியைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள்.

கல்யாணப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள்.

நாளை வந்து ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளச் சொன்னான் அந்தோணி. திருடனிடம் போய்க் கையேந்துவதா என்று கத்திவிட்டு வந்தேன். வந்ததும் தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பினேன். ஒரு ராத்திரி நின்றால்தான் அந்தத் தண்ணீர் மீனுக்கு ஆகும்.