சாமிக்கண்ணுவின் இரண்டாவது ஊசி

ஆரம்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

மதிப்புக்குரிய நைனாவுக்கு மகள் சுகிர்தா வணக்கம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். மழையில் பின்பக்கத்துச் சுவர் கொஞ்சம் ஊறியிருக்கிறது, வேறு ஒன்றும் இல்லை.

உங்கள் யானை சாமிக்கண்ணுவுக்கு இரண்டாவது ஊசி வேண்டாம் என்று உங்கள் பெயரில் யானை முதலாளிக்கு எழுதி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். நான் எழுதவில்லை. எழுதப் போவதும் இல்லை. இதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வராது. நீங்கள் ஒரு அதட்டல் போட்டால் சரி நைனா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான், நீங்கள் எழுத்துக் கூட்டிப் படிக்க வசதியாக, பெரிது பெரிதாக எழுதியிருக்கிறேன்.

முதல் ஊசியை வழக்கமான தடுப்பூசி என்று நினைத்துப் போட விட்டீர்கள். இப்போது யாரோ அது ஆண் தன்மையை எடுக்கிற ஊசி என்று சொல்ல, பாவம் என்கிறீர்கள். நான் உங்கள் யானை முகாம் டாக்டரம்மாவின் நம்பருக்கு எழுதிக் கேட்டேன். மூன்று நாள் யோசித்துத்தான் அனுப்பினேன். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அறுப்பது, எடுப்பது எதுவும் இல்லை. மதத்தைக் கிளப்பச் சொல்லி மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் புறப்படுமாம். யானையின் உடம்பே அதை எதிர்த்து மடக்கும்படி இந்த ஊசி பழக்குகிறதாம். இரண்டாவது ஊசி இல்லாவிட்டால் முதல் ஊசி வீண். பலன் சில மாதம்தான், பிறகு மறுபடி போட வேண்டும். பல வருடம் போட்டால் குட்டிக்குத் தகப்பனாகும் சக்தி திரும்பாமலே போகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நானும் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இருபத்திரண்டு வருடமாக அவனுக்குப் பாகனாக இருக்கிறீர்கள். ஒரு பெண் யானையை அவன் பக்கத்தில் யாராவது விட்டார்களா?

இங்கே நடந்த கூத்தையும் சொல்ல வேண்டும். தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜெனிபரிடம், எங்கள் நைனா இருக்கிற முகாமில் மதத்துக்கு ஊசி போடுகிறார்கள் என்றேன். பஸ் இரைச்சலில் அவள் என்ன கேட்டாளோ, சாயங்காலம் குழாயடியில் அவள் அம்மா மேரி அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடி சுகி, உங்க நைனாவ மதம் மாத்த ஊசி போடறாங்களாமே, எந்த மதத்துக்கு?"

தெருவே கூடிவிட்டது. கம்பெனியில் பேர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் வெளியே வராது. அத்தனை பேர் முன்னால் நின்று, அது ஆண் யானைக்குக் கன்னத்தில் நீர் வடிந்து வெறி பிடிக்கிற மதம், அதற்குத்தான் ஊசி என்று விளக்கினேன். காதெல்லாம் சுட்டது. உங்கள் தம்பி அன்புராஜ் சித்தப்பாவும் அங்கே இருந்தார். ஆம்பளயை ஆம்பளயா இருக்க விடாத ஊசிக்கு நீ வக்காலத்தா என்று எல்லாரும் கேட்கும்படி கேட்டார். அவர் உங்களுக்குப் போன் செய்து வேறு மாதிரி சொல்லியிருப்பார். நான் சொன்னது இதுதான்:

"மூணு மாசம் நாலு காலயும் கட்டி, சோத்தயும் தண்ணியயும் கொறச்சி நிக்க வெக்கறாங்களே, அப்ப மட்டும் அது ஆம்பளயாவா நின்னுக்கினு இருக்குது சித்தப்பா?"

மேரி அத்தைதான் முதலில் சிரித்தார். சித்தப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வருடம் முன்பு மதத்தில் அவன் உங்களைத் தூக்கிப் போட்டு விலா எலும்பு உடைந்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் உங்களோடு ஒருவர் இருக்க வேண்டும், அம்மா வேலைக்குப் போக வேண்டும். அப்புறம் நான் பள்ளிக்குத் திரும்பவில்லை. குறையாகச் சொல்லவில்லை. அவன் மேலும் எனக்குக் கோபம் இல்லை. சங்கிலிப் புண்ணில் மருந்து வைக்கும்போது அவன் கண்ணில் நீர் வழிந்தது என்று நீங்கள்தானே அழுதுகொண்டே சொன்னீர்கள்.

குழாயடியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"மதம் வர்ற மாசத்துல போன் அடிச்சா உன்னியே எடுக்கச் சொல்றனே, ஏன்னு நெனச்சிக்கினு இருந்த?"

அம்மா கை வேலையாக இருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன், நைனா.

ஊசி வருகிற வெள்ளிக்கிழமை. பாகன் சம்மதிக்காமல் முதலாளி விட மாட்டாராம். வேண்டாம் என்று சொல்வதானால் உங்கள் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். சம்மதம் என்றால் அவன் காதருகே நீங்களே நில்லுங்கள். உங்கள் கை பட்டால்தான் அசையாமல் இருப்பான்.

அடுத்த முறை நீங்கள் கூப்பிடும்போது அம்மாவைத்தான் எடுக்கச் சொல்வேன். கெட்ட சேதியோ என்று அவர் பயப்படாமல் எடுக்கும்படி செய்யுங்கள்.

உங்கள் பேச்சை மீறிய, உங்கள் பிரியமுள்ள மகள்,
சுகிர்தா