நட்சத்திரக் கொத்தும் உங்கள் எக்ஸ்ரே அறையும்

ஆசிரியர் வேலையை விடுவதென்று முடிவெடுத்து, நியமனக் கடிதத்தைத் தேடி அலுமாரியைக் கிளறினேன். எக்ஸ்ரே படம் ஒன்று கையில் வந்தது. என் தோள், உள்ளே வெள்ளைப் பொட்டாக, போரில் பாய்ந்த ஒரு செல் குண்டுத் துண்டு. அகதி முகாமிலிருந்து திரும்பிய புதிதில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்த நீங்கள் எடுத்தது. உங்களுடன் சண்டை பிடிக்க வேண்டும் போல இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

முகாமின் தண்ணீர் வரிசையில்தான் முதலில் கதைத்தோம். நீங்கள் முல்லைத்தீவுக் கரை, நான் ஸ்கந்தபுரத்து வயல். அந்த நெரிசல் இல்லாவிட்டால் சந்தித்திருக்கவே மாட்டோம். நீங்கள் மனைவியை இழந்திருந்தீர்கள், நான் கணவரை. ஊர் திரும்பிய பிறகும் வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வந்தீர்கள். ஒருநாள் கேட்டீர்கள்:

“ரீச்சர், வானத்திலயும் எக்ஸ்ரே இருக்காமே? அங்க ஆர் படம் எடுக்கினம்?”

பௌதிகம் படிப்பிக்கிறவளிடம் கேட்டால் விடுவேனா? நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கொத்துகளைப் பற்றிச் சொன்னேன். எரிந்து முடிந்து சுருங்கிய, செத்த நட்சத்திரம் ஒன்று அங்கே தனியே திரியும். ஒரு சோடி எதிர்ப்பட்டால் இடையில் புகுந்து, மெலிந்ததை வெளியே தள்ளிவிட்டு மற்றதுடன் சேர்ந்துகொள்ளும். துணையின் வாயு இதன்மேல் வந்து விழும். விழுகிற வேகத்தில் கொதித்து எக்ஸ்ரே வீசும்.

தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள். மூன்று வாரம் வரவில்லை. எனக்கு மெல்லத்தான் உறைத்தது. என்னைக் கலியாணம் கேட்க வந்திருக்கிறீர்கள். நானோ, சுவரில் படமாக இருக்கும் என் கணவரைத் தள்ளிவிட்டு நீங்கள் புகப் பார்ப்பதாகக் குத்திக்காட்டினேன் என்று நினைத்துவிட்டீர்கள்.

பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். எக்ஸ்ரே அறை வாசலில், சனம் பார்க்கப் பார்க்கச் சொன்னேன்: “அண்டைக்கு நான் பாதிதான் சொன்னனான். இன்னொரு வழியும் இருக்கு. தனிச்சதுகள் ரெண்டு நல்லாக் கிட்டக் கடந்து போகேக்க ஒண்டை ஒண்டு இழுக்கும், வேகம் குறைஞ்சிடும். பிறகு விலகிப் போக ஏலாது. ஒருத்தரையும் வெளியில தள்ளத் தேவையில்லை.”

நீங்கள் சிரிக்கவில்லை. “எனக்குத் தண்ணி வரிசையிலயே வேகம் குறைஞ்சிட்டுது, ரீச்சர்.”

கலியாணத்துக்குப் பிறகும் உங்கள் வாயில் நான் ரீச்சர்தான். என் கணவரின் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் மனைவியின் படத்தை நீங்களே மாட்டினீர்கள். இருவருக்கும் பூ வைத்ததும் நீங்கள்தான்.

நீங்கள் கண்மூடி நான்கு மாதம். லீவு போட்டு வீட்டிலேயே கிடக்கிறேன். வகுப்பில் நின்று வாய் திறக்க முடியுமென்று தோன்றவில்லை. ஆனால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: துணையிடமிருந்து வருவது நின்றுபோனால் என்ன ஆகும்? எக்ஸ்ரே அணைந்துவிடும், உண்மைதான். ஆனால் அத்தனை காலமும் வந்து விழுந்தது அந்தச் செத்த நட்சத்திரத்தைச் சுழற்றிவிட்டிருக்கும், நொடிக்கு நூற்றுக்கணக்கான சுற்று. துணை தேய்ந்துபோன பிறகும் கோடிக்கணக்கான வருடங்கள் அது சுழன்றுகொண்டே இருக்கும்.

நீங்கள் சுழற்றிவிட்டது இன்னும் நிற்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகிறேன்.