கீழ்க்காட்டில் முளைத்த குதிரைவாலி

அய்யாவுக்கு முருகலட்சுமி கும்பிட்டு எழுதுவது. முழங்கால் வீக்கம் வடிந்ததா? பரளச்சிப் பக்கம் மழை உண்டா? நான் நன்றாக இருக்கிறேன். மேடு ஏறி இறங்குவதில் உடம்புதான் அசந்துபோகிறது.

மரவள்ளியே போட்டுச் சலித்த இந்தக் கொல்லிமலை மண்ணில் மறுபடியும் தானியம் விதைக்கச் சொல்லி வீடு வீடாகப் போய்ப் பேசுகிறேன். நீங்கள் கொடுத்த குதிரைவாலியை, நான் வேலை பார்க்கும் சங்கத்து நிலத்தில் நம் ஊர் வழக்கப்படி மழைக்கு முன்பே புழுதியில் விதைத்தேன். இங்குள்ளவர்கள் வேண்டாம் என்றார்கள். "எங்க அய்யா இப்படித்தான் விதைப்பாக" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே மழை கொட்டியது. நம் கரிசல் என்றால் குடித்திருக்கும், இது சரிவு. விதை மொத்தமும் தண்ணீரோடு கீழே ஓடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

நேற்றுக் கீழ்க்காட்டுச் சின்னப்பொண்ணு அக்கா கூப்பிட்டுக் காட்டினார். அவருடைய கேழ்வரகுக்கு நடுவே நம் குதிரைவாலி அங்கங்கே முளைத்து நிற்கிறது. களையெடுத்தவர் அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

"நான் பிடுங்கிருதேன்க்கா" என்றேன்.

"எதுக்கு? எங்கிருந்தோ வந்து வேர் புடிச்சிருச்சு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இந்தக் கடிதத்தோடு வரும் ஆளிடம் கொஞ்சம் சீனியவரை வத்தல் கொடுத்துவிடுங்கள். அம்மா கட்டின பழைய சேலை ஒன்றும் வேண்டும், போர்த்திக்கொள்ள. சங்கத்தில் கம்பளி கொடுத்திருக்கிறார்கள், இருந்தாலும் அனுப்புங்கள். ஜீப் கிளம்புகிறது, இத்தோடு நிறுத்துகிறேன். சேலையைத் துவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

முருகலட்சுமி